சுத்தமான கணினி

ஜூன் 5, திங்கள்

ஜனவரி பத்தாம் தேதிக்குப் பிறகு இந்த நோட்டைத் தொடவில்லை. இன்று ஆபீசில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் வளர்மதி போன் செய்தாள். மூர்த்தியின் தங்கை. நானும் மூர்த்தியும் தனித்தனியாக இருக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. நான் மேடவாக்கத்தில், அவர் கோயமுத்தூர் வடவள்ளியில் தங்கை வீட்டில். விவாகரத்து வாங்க இரண்டு பேருக்குமே சோம்பேறித்தனம். வளர்மதி மட்டும் இன்னும் ‘அண்ணி’யை விடவில்லை.

“அண்ணி, நல்லா இருக்கீங்களா? ஒரு ஒத்தாசை வேணுமுங்க. அண்ணன் கேக்கச் சொல்லலீங்க. நானாத்தான் கேக்கறேன்.”

மூர்த்திக்கு நரம்பு நோய் என்பது போன வருஷமே காதில் விழுந்தது. முதலில் வலது கை, பிறகு நாக்கு. பேச்சு போய்விடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். அதனால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தன் குரலை ஒவ்வொரு வாக்கியமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். ஒரு புரோகிராமும் எழுதியிருக்கிறார். ஒற்றை விரலால் ஒரு பட்டனை அழுத்தி வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால் கணினி அதை அவர் குரலிலேயே சொல்லும். இதே நோய் வந்த பதினான்கு குடும்பங்கள் ஒரு வாட்ஸப் குரூப்பில் இருக்கின்றன. அவர்களும் தங்கள் குரல்களைப் பதிந்துவிட்டு இந்தப் புரோகிராமுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் அதை ஒரு கணினியில் ஏற்ற பதினேழு படி. பாதிப் பேர் நாலாவது படியிலேயே கைவிட்டுவிட்டார்களாம்.

“டபுள் கிளிக் பண்ணுனா தானா ஏறிக்கற மாதிரி பண்ணோணுமுங்க. அது உங்க வேலைதானுங்களே?”

என் வேலைதான். பத்தொன்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. யாரோ எழுதிய மென்பொருளை, அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரே செட்டப் கோப்பாகக் கட்டி வெளியே அனுப்புவது. ஒரே ஆபீசில் இருந்த காலத்தில் மூர்த்தி என்னை ‘மூட்டை கட்டுறவ’ என்றுதான் கேலி செய்வார்.

சரி, செய்கிறேன் என்றேன். பதினான்கு குடும்பத்துக்காக. அவருக்காக இல்லை.

ஜூன் 7, புதன்

புரோகிராம் வந்தது. குரல் கோப்புகளை அனுப்பவில்லை, அளவு பெரிது என்று. எனக்கு அவை வேண்டியதும் இல்லை.

அட ராமா, இந்த மனுஷன் மாறவே இல்லை. புரோகிராம், அமைப்புகள், பதிவு செய்த குரல், எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள். புரோகிராம் ஒரு இடத்தில், மனிதர்களுடைய சொந்தக் கோப்புகள் வேறு இடத்தில் என்று எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். “வீட்டுச் சாமான் எல்லாத்தையும் வாசல்லயே போட்டு வச்சிருக்கீங்க” என்று மெசேஜ் அனுப்பினேன். ஒன்பது நிமிஷம் கழித்து “எடுக்கச் சுலபம்” என்று பதில் வந்தது. ஒன்பது நிமிஷம் டைப் அடித்திருக்கிறார்.

முதல் வெர்ஷன் அப்படியே போகட்டும், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.

ஜூன் 10, சனி

காலையில் கோவையில் இறங்கி வடவள்ளி போய்விட்டு, மதிய ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். ஈரோடு தாண்டியாயிற்று. போனது வேலைக்காக. அந்த ஒற்றைப் பட்டன் எப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்க்காமல் மூட்டை கட்ட முடியாது.

இளைத்துவிட்டார். சட்டைக் காலருக்குள் கழுத்து தொளதொளவென்று நிற்கிறது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. வளர்மதி “வந்துட்டியா தேவகின்னு கேக்கறாருங்க” என்றாள். அவர் பேசுவது இப்போது அவள் ஒருத்திக்குத்தான் புரிகிறது. டாக்டருக்குக்கூட அவள்தான் சொல்கிறாள்.

பிறகு அவர் இடது கை விரலால் பட்டனை நாலு தடவை அழுத்தினார். ஸ்பீக்கரிலிருந்து, “டீ குடிச்சுட்டுப் பேசலாம், என்ன அவசரம்?”

பழைய குரல். கொஞ்சம் மூக்கடைத்தாற்போல, கடைசியில் லேசாகச் சிரித்துக்கொண்டே முடிகிற அதே குரல். எதிரே இருக்கிற வாய் அசையவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, பட்டனின் ஒயரைப் பார்ப்பதுபோல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு வாக்கியங்கள். தலைப்புத் தலைப்பாகப் பிரித்திருக்கிறார்: உடம்பு, சாப்பாடு, வீடு, திட்டு, கிண்டல். கடைசித் தலைப்பு ‘தேவகி’. பக்கத்தில் அறுபத்து மூன்று என்று எண். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வேகமாக மேலே நகர்த்திவிட்டார். நானும் கேட்கவில்லை.

“இதுக்கெல்லாம் பேக்கப் இருக்கா?” என்றேன்.

“பென்டிரைவ்ல போட்டிருக்குதுங்க அண்ணி” என்றாள் வளர்மதி.

நானே ஒரு காப்பி எடுத்து வந்திருக்கலாம். என் ஹார்ட் டிஸ்க் பையிலேயே இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 16, வெள்ளி

ஆபீஸ் முடிந்து வந்து தினம் ஒன்றரை மணி நேரம் இதுதான்.

என் வேலையில் எனக்கு ஒரு ஆசாரம் உண்டு. செட்டப் கட்டியதும் அதை என் கணினியில் ஓட்டிப் பார்த்து ‘ஓடுகிறது’ என்று சொல்ல மாட்டேன். என் கணினியில் ஊர்ப்பட்ட சாமான் கிடக்கிறது, அதில் எதுதான் ஓடாது? அதற்கென்றே ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதை முழுக்கத் துடைத்து, அன்றைக்குத்தான் கடையிலிருந்து வாங்கி வந்ததுபோல ஆக்கி, அதில் ஏற்றிப் பார்ப்பேன். சுத்தமான கணினியில் ஓடினால்தான் ஓடினதாகக் கணக்கு. ஆபீசில் இதற்காக என்னை ‘மடி மாமி’ என்பார்கள். சொல்லட்டும்.

இன்று ஐந்தாவது தடவை துடைத்தேன். ஓடியது.

ஜூன் 19, திங்கள்

முதல் வெர்ஷன் போய்விட்டது. பதினான்கு வீட்டிலும் ஏறிவிட்டது. பதினேழு படி போய் இப்போது மூன்றே கிளிக்.

ராணிப்பேட்டையிலிருந்து ஷகிலா என்கிற பெண் பேசினாள். அவள் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். “அக்கா, எங்கப்பா எல்லா ஸ்டாப் பேரையும் பதிஞ்சு வச்சிருந்தாரு. இன்னிக்கு பட்டனை அழுத்தி ஒண்ணொண்ணா கூவறாரு. வீட்ல எல்லாரும் சிரிச்சு சிரிச்சு...” என்று ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். எந்த ரூட் என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது?

மூர்த்தியும் குரல்களை எல்லாம் புதியதற்குள் மாற்றிக்கொண்டு, தன் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டாராம். வளர்மதி சொன்னாள்.

ஜூன் 27, செவ்வாய்

புகார்கள். முன்பே பதினேழு படியில் ஏற்றிய சிலருக்குக் கணினி முகப்பில் புரோகிராமின் படம் இரண்டு தெரிகிறது, பழையது எது, புதியது எது என்று குழப்பம். மூர்த்தி எழுத்துகளைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார். அதையும் சேர்த்து இரண்டாம் வெர்ஷன் கட்ட வேண்டும்.

ஆபீசிலும் கழுத்து வரை வேலை. மேனேஜர் இன்று, “என்ன தேவகி, ஒரு வாரமா மூஞ்சியே சரியில்ல?” என்றார். மூஞ்சி இப்படித்தான் என்றேன்.

ஜூலை 1, சனி

இரண்டாம் வெர்ஷன் தயார். புதியதை வைப்பதற்கு முன்னால் பழைய ஃபோல்டரை அடியோடு நீக்கிவிடு என்று செட்டப்பில் ஒரு வரி சேர்த்தேன். குப்பை சேரவிடுவது எனக்குப் பிடிக்காது. சுத்தமான கணினியில் மூன்று தடவை துடைத்து ஓட்டினேன். மூன்று தடவையும் பளிச்சென்று ஏறியது.

இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொல்லாமல் எதையும் வெளியே விடக் கூடாது என்பது தொழில் தர்மம். மூர்த்திக்கு அனுப்பினேன். இருநூற்றுப் பத்து வரி. ஒரு நிமிஷத்தில் “சரி” என்று பதில் வந்தது. ஒரு விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்தில்! ஆறு வருஷம் கழித்தும் என் வேலையைக் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது உண்மை.

ஜூலை 3, திங்கள்

காலையில் வளர்மதிக்கு அனுப்பினேன். எப்போதும் முதலில் மூர்த்தியின் கணினியில்தான் ஏற்ற வேண்டும், அது அவர் ஆசை. பதினொரு மணிக்கு “அழகா ஏறிருச்சுங்க அண்ணி!” என்று மெசேஜ். குரூப்பிலும் லிங்க்கைப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் இன்னொரு மெசேஜ்: “வாய்ஸ் மட்டும் வரலைங்க அண்ணி.”

ஏதாவது செட்டிங்காக இருக்கும். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 4, செவ்வாய்

பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது புரிந்தது. பள்ளிக்கரணை சிக்னலில். அந்த ஒரு வரி.

பழைய ஃபோல்டரை அடியோடு நீக்கு என்று எழுதினேன். அந்த ஃபோல்டருக்குள்தான் குரல் இருக்கிறது. வாசலில் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று நானே திட்டிய அதே இடத்தில். அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று நானே தள்ளிப்போட்டேன். என் லேப்டாப்பில் அது எப்படித் தெரியும்? அங்கே யாருடைய குரலும் இல்லை. அதைத்தான் நான் தினம் துடைத்துத் துடைத்து வைத்தேனே.

சிக்னலிலேயே இறங்கிவிட்டேன். ஒரு மெடிக்கல் ஷாப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு குரூப்பிலிருந்து லிங்க்கை நீக்கினேன். பிறகு பதினான்கு வீட்டுக்கும் போன். “தயவுசெஞ்சு ஏத்தாதீங்க, ஏத்தியிருந்தா கம்ப்யூட்டரை அப்படியே அணைச்சிடுங்க.” அவசரத்தில் இரண்டு தடவை தப்பு நம்பர். ஷகிலா, “டவுன்லோடு பாதியிலேயே நின்னு போச்சுக்கா, இங்க நெட்டே வரல” என்றபோது எழுந்து நின்று அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

பதினான்கு பேருமே ஏற்றவில்லை. ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்குச் சோம்பல், ஒருவர் பேரன் வரட்டும் என்றிருந்தார். எல்லோரும் தப்பித்தார்கள். போனது ஒரே ஒரு வீட்டில்.

ஜூலை 5, புதன்

லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோவை ஸ்டேஷனுக்கே வளர்மதி கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அப்படியே காந்திபுரத்தில் அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு மணி நேரம் பார்த்தார்.

“பழைய மாதிரி டிஸ்க்கா இருந்தா ஏதாவது பண்ணிருப்பனுங்க. இது புது மாதிரி. அழிச்சா அப்பவே தொடச்சு வச்சுருமுங்க. யாருங்க அழிச்சது?”

வளர்மதி என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தாள்.

பென்டிரைவில் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. முதல் வாரம் பதிந்தவை மட்டும். அவற்றைக் கடையிலேயே கணினியில் ஏற்றிக்கொண்டோம். அதற்குப் பிறகு காப்பி எடுக்க வளர்மதிக்கு நேரம் இல்லை. தண்ணி வேணும். வலிக்குது. திருப்பிப் படுக்க வை. ஃபேனைக் குறை. ஒண்ணுக்குப் போகணும். டாக்டரைக் கூப்பிடு. உடம்பு கேட்கிறதெல்லாம் இருக்கிறது. திட்டு இல்லை. கிண்டல் இல்லை. அந்த அறுபத்து மூன்றும் இல்லை.

ஜூலை 6, வியாழன்

நேற்றுக் கடையிலிருந்து திரும்பி வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கேட் பக்கத்தில் வளர்மதி என் கையைப் பிடித்தாள்.

“கரண்ட் போயிப் போயி வந்துச்சு, அதுல போயிருச்சுன்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டனுங்க. நீங்களும் அப்படியே சொல்லிருங்க. அவரு இருக்கற நெலமைல தெரிஞ்சு என்னங்க பண்றது?”

நான் தலையாட்டினேன். வெட்கமில்லாமல் தலையாட்டினேன். உள்ளே போய் அவர் எதிரே உட்கார்ந்து, “கரண்ட் பிரச்சனை இங்க ரொம்ப இருக்கு போல” என்றேன்.

அவர் டைப் அடிக்க ஆரம்பித்தார். டைப் அடித்ததைப் படிக்கக் கணினியோடு வந்த ஒரு பெண் குரல்தான் இருக்கிறது. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு குரல். ஒவ்வொரு வரிக்கும் நாலைந்து நிமிஷம். நாங்கள் காத்திருந்தோம்.

“கரண்ட் போகலை.”

“நானும் இருபது வருஷம் இதே தொழில்தான் பார்த்தேன்.”

“நீ அனுப்பினதை நான் படிக்கலை. நீ எழுதினதை நான் எப்பவும் படிச்சதில்லை. படிக்காமலே சரி சொல்லிடுவேன்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! “ஏன் படிக்கல? ஏன் படிக்கல நீங்க? கண்ணு நல்லாத்தானே இருக்கு? இருநூத்திப் பத்து வரி, படிக்க உங்களுக்கு என்ன கேடு?” என்று கத்தினேன். நோயாளியைப் பார்த்துக் கத்தினேன். வளர்மதி அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் பட்டனை அழுத்தினார். பென்டிரைவிலிருந்து திரும்பி வந்த குரலில், அவர் குரலில், “தண்ணி வேணும்” என்றது.

எடுத்துக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

ஜூலை 7, வெள்ளி

உண்மையை எழுதிவிட வேண்டும். வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

ஜூன் பத்தாம் தேதி ரயிலுக்கு நேரமாகவில்லை. கையில் நாற்பது நிமிஷம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் சும்மாத்தான் உட்கார்ந்திருந்தேன். காப்பி எடுத்தால் அந்த அறுபத்து மூன்றும் என்னோடு வீட்டுக்கு வரும். வந்தால் கேட்பேன். கேட்டால் என்ன ஆகும் என்று பயம். அதனால்தான் எடுக்கவில்லை.

ஜனவரி பத்தாம் தேதி அவர் இரண்டு தடவை போன் செய்தார். அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் எடுக்கவில்லை. மேஜையில் போன் அதிர்ந்து அதிர்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே தோசை சாப்பிட்டேன். ஜனவரி பன்னிரண்டாம் தேதிதான் பதிவு செய்ய ஆரம்பித்ததாக வளர்மதி நேற்றுச் சொன்னாள்.

ஜூலை 9, ஞாயிறு

மூன்றாம் வெர்ஷன் போயிற்று. குரல்கள் இனித் தனி இடத்தில் இருக்கும். செட்டப் அந்தப் பக்கமே போகாது. ஒவ்வொரு தடவையும் தானாக இரண்டு காப்பி எடுத்துக்கொள்ளும். இந்தத் தடவை வளர்மதியின் பழைய லேப்டாப்பில், கல்யாண போட்டோவும் கரண்ட் பில்லும் பாட்டும் குப்பையும் நிறைந்து கிடக்கிற லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். இருநூற்று நாற்பது வரியையும் மூர்த்தி படித்தார். மூன்று மணி நேரம் ஆனது. ஒரு தப்பு கண்டுபிடித்தார்.

பதினான்கு வீட்டிலும் ஏறிவிட்டது. எல்லாக் குரலும் பத்திரம். குரூப்பில் கைகூப்புகிற படமாக வந்து குவிகிறது. பதில் போடவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

நாளை கிளம்ப வேண்டும். லீவு முடிகிறது.

இன்று காலை அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, கேட்டேவிட்டேன். “அந்த அறுபத்து மூணுல என்ன இருந்துச்சு?”

கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒரு வரி அடித்தார். பெண் குரல் சொன்னது: “அதை இந்தக் கம்ப்யூட்டர் பொம்பளை படிக்க வேண்டாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, தோள் குலுங்கியது. பிறகு அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, வாயைத் திறந்து, தானே சொல்ல ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு வளர்மதி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். “என்னங்கண்ணா? நான் சொல்றனுங்க அண்ணி...” என்று பக்கத்தில் குனிந்தாள். அவர் தலையை ஆட்டினார். இடது கையை வாசல் பக்கம் அசைத்தார். போ என்கிறார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் போனாள், கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

அவர் மறுபடி சொன்னார். ஒரு வாக்கியம்தான். சின்ன வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது. நெற்றி நரம்பு புடைத்து, கண்ணில் நீர் முட்டியது. என் பெயர் முதலில் வந்தது, அது தெரிந்தது. மற்றது ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்து, “இன்னொரு தடவை” என்றேன். சொன்னார். “இன்னும் ஒரே ஒரு தடவை.” சொன்னார். “கடைசியா.” அதையும் சொன்னார். குரல் அடங்கிக்கொண்டே வந்தது. என் முகத்தையே பார்த்தார். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி பார்த்தார்.

“புரிஞ்சுதுங்க” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. எச்சிலைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வளர்மதியிடம் போட்டுக் காட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். காட்ட முடியாது. அவளை அனுப்பிவிட்டுத்தான் சொன்னார்.

மூன்று கோப்புகள். ஒரு வார்த்தை தவிர வேறெதுவும் புரியவில்லை. நாலு இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.